எடையை மாற்றினால் மட்டும் நாய் மாடல் மனித மாடல் ஆகாது

மருந்து உடலுக்குள் எப்படிப் போய்வருகிறது என்று கணக்கிடும் கம்ப்யூட்டர் மாடலிங்கைத் தீசிஸுக்கு எடுக்கலாமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். தாராளமாக எடுங்கள், ஆனால் நான் தொடங்கிய விதத்தில் வேண்டாம்.

புதுச்சேரியில் கால்நடை மருந்தியல் மேற்படிப்பில் சேர்ந்த முதல் வருடம், நாயின் ரத்தத்தில் மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்து எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு மாடல் செய்தேன். கோடு அழகாக வந்தது. அப்புறம் 12 கிலோ இருந்த இடத்தில் 70 போட்டு, வெளியேற்ற வேகத்தை எடை விகிதத்தின் 0.75 அடுக்கால் பெருக்கி, இதுதான் மனிதர் என்று செமினாரில் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர், "பன்றியும் 70 கிலோ இருக்குமேம்மா, அதையும் இதே கோட்டில் வைத்துவிடலாமா?" என்றார். அந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய நாயில் சுமார் 24 மணி நேரம், மனிதரில் 15 முதல் 20, பன்றியில் வெறும் இரண்டரை. எனக்குப் பேச்சு வரவில்லை.

அன்றிலிருந்து சாஃப்ட்வேரைத் திறக்கும் முன் நோட்டில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குகிறேன். கல்லீரலுக்கு எவ்வளவு ரத்தம் போகிறது, எந்த நொதி மருந்தை உடைக்கிறது, புரதத்தோடு எவ்வளவு ஒட்டுகிறது. பூனைப் பக்கத்தின் முதல் வரி, பாராசிட்டமாலைக் கழிக்க உதவும் யூஜிடி1ஏ6 நொதி அதற்கு வேலை செய்யாது என்பதுதான். ஆட்டுப் பக்கத்தில் ரூமென், அதாவது அசைபோடும் விலங்கின் பெரிய முதல் இரைப்பை: வாய்வழி கொடுத்த மருந்து அங்கே தங்கித்தான் குடலுக்குப் போகும். இவ்வளவும் எழுதினால் மாடலில் பாதி முடிந்த மாதிரி.

முதல் மாடலை எக்செலிலேயே போடுங்கள், பிறகு இந்த மாடலிங்குக்கென்றே உள்ள பிகே-சிம் சாஃப்ட்வேருக்குப் போகலாம், அது இலவசம். ரத்தம் எடுத்த நேரத்தை உள்ளபடியே எழுதுங்கள். ஒருமுறை ஆடு திமிறியதால் 5 நிமிடத்தில் எடுக்க வேண்டியதை 8-இல் எடுத்துவிட்டு, டேபிளில் 5 என்றே போட்டோம். நரம்பில் போட்ட மருந்து முதல் சில நிமிடங்களில்தான் சரசரவென்று இறங்கும், அந்த 3 நிமிடத்தில் பரவல் கொள்ளளவே, அதாவது மருந்து உடலில் எவ்வளவு பரவுகிறது என்ற கணக்கே, தப்பாகிவிட்டது. இரண்டு வாரம் தேடினோம்.

மனித மருந்தியல் படிக்கிறவர் ஒருவரைக் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் ஒரு தோழி இருந்தாள். மனித நொதி விவரம் அவளிடம், தானாகவே மூட்டுவாதம் வந்த வயதான நாய்கள் நம்மிடம். ஆய்வகத்தில் செயற்கையாக உண்டாக்கிய நோயைவிட அது மனித நோய்க்கு எவ்வளவோ நெருக்கம். ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஐவர்மெக்டினும் 1981-இல் கால்நடைக்கு வந்து, 1987-இல்தான் மனிதருக்குப் போனது.

வைவாவில், கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற நாயின் டோஸை 1.8-ஆல் வகுத்து மனித டோஸாக மாற்றும் கணக்கைக் கேட்டால், அது மனிதரில் முதல் சோதனைக்குப் பாதுகாப்பான தொடக்க அளவைக் கண்டுபிடிக்கும் ஒரு படிதான், சிகிச்சை அளவு அல்ல என்று சேர்த்தே சொல்லுங்கள்.