பிசிக்குள் ஒரு பழைய மேக்கிண்டாஷ்

விண்டோஸ் பிசியில் பழைய மேக் ஓஎஸ் ஓட்டுவது எப்படி என்று யாராவது கேட்டால், "எதைத் திறக்கப் போறீங்க?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். கிளாரிஸ்வொர்க்ஸில் அடித்த கடிதம், மேக்ரைட்டில் எழுதிய கட்டுரை என்றால், ஒரு கணினியை இன்னொன்றுக்குள் நடிக்க வைக்கும் மென்பொருளான எமுலேட்டர் பக்கமே போக வேண்டாம். லிப்ரே ஆஃபிஸ் அவற்றில் பெரும்பாலானவற்றை நேராகவே திறந்துவிடும். அரை மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவானேன்?

என் கையில் இருந்தவை ஹைப்பர்கார்டு ஸ்டேக்குகள். பில் அட்கின்சன் உருவாக்கி 1987-ல் ஆப்பிள் வெளியிட்ட மென்பொருள் அது. அட்டை அட்டையாகத் தகவல், அட்டையில் பட்டன்கள், பட்டனுக்குள் ஹைப்பர்டாக் மொழியில் நிரல் என்று இருக்கும். அந்த அட்டைகளின் அடுக்குதான் ஸ்டேக். படித்த புத்தகங்களைப் பற்றிய குறிப்புகள், படித்த தேதி, சில இடங்களில் என் குரல் பதிவு என்று எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வைத்திருந்தேன். ஸ்டேக்கைத் திறக்க ஹைப்பர்கார்டு வேண்டும். ஹைப்பர்கார்டு ஓட பழைய மேக் ஓஎஸ் வேண்டும். புது மேக் வாங்கினாலும் தீராது. பழைய மென்பொருளை ஓட்டுகிற 'கிளாசிக்' வசதி 2007-ல் வந்த 10.5 பதிப்போடு போய்விட்டது.

எந்த எமுலேட்டர் என்பதை ப்ராசஸர்தான் முடிவு செய்கிறது. மேக்குகள் 1984-லிருந்து மோட்டோரோலா 68000 குடும்பத்தில் ஓடின. 1994-ல் பவர்பிசிக்கு மாறின, 2006-ல் இன்டெலுக்கு, 2020-ல் ஆப்பிளின் சொந்தச் சில்லுக்கு. ஆரம்பகாலக் கறுப்பு வெள்ளை மேக் போதுமென்றால் மினி விமேக். 68கே (68000 குடும்பத்தின் சுருக்கப் பெயர்) காலத்தின் பிற்பகுதி, அதாவது சிஸ்டம் 7 முதல் மேக் ஓஎஸ் 8.1 வரை என்றால் பாசிலிஸ்க் 2. பவர்பிசி மென்பொருள் என்றால் ஷீப்ஷேவர். ஆனால் அது 9.0.4-க்கு மேல் போகாது, ஏனென்றால் ப்ராசஸரின் நினைவக மேலாண்மைப் பகுதியை அது எமுலேட் செய்வதில்லை. 9.2 வேண்டுமென்றால் கியூஈஎம்யூ. என் ஸ்டேக்குகள் 68கே காலத்துச் சரக்கு, அதனால் பாசிலிஸ்க்.

பாசிலிஸ்கை எழுதியவர் கிறிஸ்டியன் பவர். இதன் ப்ராசஸர் பகுதி அமிகா கணினிக்கான யூஏஈ எமுலேட்டரிலிருந்து வந்தது. அமிகாவிலும் அதே மோட்டோரோலா சில்லுதான் என்பதால் அந்தக் குறிமுறை இங்கேயும் பொருந்திவிட்டது. ஒரு காலத்தில் அமிகாக்காரர்களும் மேக்காரர்களும் எப்படி அடித்துக்கொண்டார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது கொஞ்சம் சிரிப்பாக இருக்கும்.

ப்ராசஸரை நடிக்க வைப்பதுதான் இதில் பெரிய வேலை என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். அது எப்போதோ தீர்ந்துபோன பிரச்சினை. உதாரணத்துக்கு 1994 என்ற எண்ணை மோட்டோரோலா பெரிய பைட் முதலில் வருமாறு சேமிக்கும், இன்டெல் சிறிய பைட்டை முதலில் வைக்கும். மாற்றாமல் அப்படியே படித்தால் 1994 என்பது 51,719 ஆகிவிடும். இந்த மாதிரி ஆயிரம் விஷயங்களை எமுலேட்டர் ஓசையில்லாமல் பார்த்துக்கொள்கிறது. நமக்கு வேலை வைப்பது சுற்றியிருக்கும் சாமான்கள்தான்: ரோம், ஃப்ளாப்பி, ஃபைல்.

முதலில் ரோம், அதாவது அழியாத நிரல் பதிந்த சில்லு. பழைய மேக்கில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கணிசமான பகுதி டிஸ்கில் இல்லை, மதர்போர்டில் உள்ள ரோமில் இருந்தது. ஜன்னல் வரைவது, மெனு இறக்குவது எல்லாம் அங்கிருந்துதான். அந்த ரோம் இல்லாமல் பாசிலிஸ்க் கண்ணே திறக்காது. அது ஆப்பிளின் பதிப்புரிமைக்கு உட்பட்டது, எமுலேட்டரோடு சேர்ந்து வராது. சொந்த மெஷினிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் நேர்வழி. என்னிடம் ஒரு எல்சி 475 இருந்தது, 1993-ல் வந்த மாடல். இதில் ஒரு வேடிக்கை. மதர்போர்டில் உள்ள 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி தீர்ந்துவிட்டால் மெஷின் செத்த மாதிரியே இருக்கும். மின்விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. பலர் போர்டு போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பின்பக்க சுவிட்சைப் போட்டு, உடனே அணைத்து, உடனே மறுபடி போட்டால் படம் வந்துவிடும். என் மெஷினும் அப்படித்தான் எழுந்தது. அப்படியே, கழற்றும்போது பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். இந்த வகை பேட்டரிகள் கசிந்து போர்டையே அரித்துவிடும்.

காப்பிரோம்ஸ் என்ற சின்ன மென்பொருளை மேக்கில் ஓட்டினால் ரோமை அப்படியே ஒரு ஃபைலாக எழுதிக் கொடுத்துவிடும். சரியாக 10,48,576 பைட்டுகள், அதாவது 1 எம்பி. 1.44 எம்பி ஃப்ளாப்பியில் தாராளமாக அடங்கும். அதை யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவில் போட்டதும் விண்டோஸ், "இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவா?" என்று பவ்யமாகக் கேட்கும். கேன்சலை அழுத்துங்கள். விண்டோஸுக்கு மேக்கின் எச்எஃப்எஸ் ஃபைல் அமைப்பு தெரியாது, அதனால் காலி டிஸ்க் என்று நினைத்துக்கொள்கிறது. செய்ய வேண்டியது, முழு டிஸ்கையும் பைட் விடாமல் ஒரு இமேஜாக எடுப்பது. 14,74,560 பைட் இமேஜ் வரும். அதை, மேக் டிஸ்க் இமேஜ்களை விண்டோஸில் திறக்கும் எச்எஃப்வி எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் உள்ளே ரோம் ஃபைல் உட்கார்ந்திருக்கும்.

ஸ்டேக்குகள் இருந்த ஃப்ளாப்பிகளில் பாதி 800கே வகை. இவற்றைப் பிசி டிரைவில் படிக்கவே முடியாது, டிரைவைக் குறை சொல்லியும் பயனில்லை. பிசி ஃப்ளாப்பியில் எல்லா வட்டத் தடத்திலும் ஒரே எண்ணிக்கையில் செக்டர்கள், அதாவது தகவல் துண்டுகள். ஆப்பிள் அப்படி வைக்கவில்லை. வெளித்தடம் நீளமானது, அதில் ஏன் இடத்தை வீணாக்க வேண்டும் என்று டிரைவின் சுழல்வேகத்தையே மாற்றினார்கள். ஒரு பக்கத்தில் 80 தடங்கள், 16 தடங்கள் வீதம் 5 வளையங்கள். வெளி வளையத்தில் தடத்துக்கு 12 செக்டர், அப்புறம் 11, 10, 9, உள் வளையத்தில் 8. கூட்டிப் பாருங்கள்: 50-ஐ 16-ஆல் பெருக்கினால் 800 செக்டர், செக்டருக்கு 512 பைட், ஆக ஒரு பக்கத்துக்கு 400கே. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரே வேகத்தில் சுற்றும் யூஎஸ்பி டிரைவுக்கு இது புரியாது. எல்சி 475-ன் டிரைவ் இரண்டையும் படிக்கும். அதனால் 800கே ஃப்ளாப்பிகளை அதிலேயே போட்டு, ஹார்ட் டிஸ்கில் இறக்கி, அங்கிருந்து 1.44-க்கு ஏற்றினேன். அலுப்பான வேலை. வேறு குறுக்குவழி தெரிந்தாலும், பழைய மேக் ஓடுகிற நிலையில் இருந்தால் இதுதான் பாதுகாப்பு.

ஏன் ஃபைல்களைத் தனித்தனியாக எடுக்காமல் டிஸ்கையே இமேஜாக எடுக்கச் சொல்கிறேன் என்றால், பழைய மேக்கில் ஒரு ஃபைல் என்பது உண்மையில் இரட்டைப் பிறவி. ஒன்று டேட்டா ஃபோர்க், இன்னொன்று ரிசோர்ஸ் ஃபோர்க். ஐகான், ஒலி, டயலாக் பெட்டி, 68கே மென்பொருளென்றால் அதன் நிரலே கூட ரிசோர்ஸ் ஃபோர்க்கில்தான் இருக்கும். இதுபோக, இது என்ன வகை ஃபைல், எந்த மென்பொருள் உண்டாக்கியது என்பதற்கு நான்கெழுத்துக் குறிகள் இரண்டு. விண்டோஸ் பக்கம் சாதாரணமாக காப்பி செய்தால் டேட்டா ஃபோர்க் மட்டும்தான் வரும். ஃபைலின் பெயர் இருக்கும், ஓரளவு சைஸும் இருக்கும், திறந்தால் ஒலி இல்லை, ஐகான் இல்லை. மென்பொருளாக இருந்தால் பூஜ்யம் பைட் என்று கூடக் காட்டும். பழைய மேக் ஃபைல்கள் 'கெட்டுப்போச்சு' என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது இதுதான். மேக்பைனரி, பின்ஹெக்ஸ், ஸ்டஃப்இட் என்று அந்தக் காலத்தில் இத்தனை பொட்டலம் கட்டும் முறைகள் இருந்ததே இதற்காகத்தான்.

அடுத்தது ஓஎஸ். சிஸ்டம் 7.5.3-ஐ ஆப்பிளே இலவசமாக டவுன்லோட் செய்யக் கொடுத்தது, 19 துண்டுகளாக. எல்லாம் மேக்பைனரிப் பொட்டலங்கள். பிரிக்க மேக் வேண்டும், மேக் கிடைக்க இதைப் பிரிக்க வேண்டும்! இந்தச் சிக்கலை எச்எஃப்வி எக்ஸ்ப்ளோரர்தான் அவிழ்த்தது. அதில் 500 எம்பியில் ஒரு காலி மேக் டிஸ்க் இமேஜை உண்டாக்கி, 19 துண்டுகளையும் மேக்பைனரி முறையில் உள்ளே போட்டால் இரண்டு ஃபோர்க்கும் பிரிந்து சரியாக உட்கார்ந்துவிடும். பூட் செய்வதற்கு ஆப்பிளின் நெட்வொர்க் ஆக்சஸ் டிஸ்க் என்ற ஃப்ளாப்பி இமேஜ் போதும். பாசிலிஸ்க் செட்டிங்ஸில் ரோம் ஃபைல், இரண்டு இமேஜ்கள், ராம் 64 எம்பி, ப்ராசஸர் 68040 என்று கொடுத்து ஸ்டார்ட் அழுத்தினேன். சாம்பல் திரை, நடுவில் சிரிக்கும் குட்டி மேக். அந்த முகம் வந்துவிட்டால் ரோம் சரி என்று அர்த்தம். கேள்விக்குறி போட்ட ஃப்ளாப்பி சிமிட்டினால் ரோம் சரி, பூட் டிஸ்க் கிடைக்கவில்லை.

இன்ஸ்டால் செய்யும்போது ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஈஸி இன்ஸ்டாலை விட்டுவிட்டு கஸ்டமுக்குப் போய், 'எந்த மேக்கிண்டாஷுக்கும்' பொருந்தும் சிஸ்டம் மென்பொருள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் எமுலேட்டர் எந்த மாடலாக நடிக்கிறதோ அதற்கு மட்டும் இன்ஸ்டால் ஆகும். நாளைக்கு மாடலை மாற்றினால் பூட் ஆகாது. 7.5-க்கு மேக் ஐஐசிஐ, 8-க்கு குவாட்ரா 900 என்று பாசிலிஸ்கிலேயே குறித்திருக்கிறார்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு சில்லறைத் தொல்லைகள்தான். சும்மா இருக்கும்போது ப்ராசஸரை ஓய்வெடுக்க விடும் வழக்கம் அந்த ஓஎஸ்ஸுக்குக் கிடையாது. மவுஸ் அசைந்ததா, அசைந்ததா என்று முழு மூச்சில் கேட்டுக்கொண்டே இருக்கும், பிசியின் மின்விசிறி அலறும். செட்டிங்ஸில் 'சும்மா இருக்கும்போது சிபியுவைப் பயன்படுத்தாதே' என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். ஜன்னலை மூடி வெளியே வராதீர்கள், அது ப்ளக்கைப் பிடுங்குவது மாதிரி. ஸ்பெஷல் மெனுவில் ஷட் டவுன் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை, 'சரியாக அணைக்கவில்லையே' என்று ஒரு கண்டிப்பு வரும்.

விண்டோஸ் ஃபோல்டர் ஒன்றைப் பகிர்ந்தால் அது மேக் டெஸ்க்டாப்பில் 'யூனிக்ஸ்' என்ற டிஸ்காகத் தெரியும். வசதிதான். ஆனால் அங்கிருந்தபடியே எதையும் திறக்காதீர்கள், ஸ்டஃப்இட் பொட்டலத்தை அங்கேயே பிரிக்கவும் செய்யாதீர்கள். மேக் டிஸ்குக்கு இழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் திறங்கள். ரிசோர்ஸ் ஃபோர்க்கை எமுலேட்டர் அந்த ஃபோல்டருக்குள்ளேயே தனி உபஃபோல்டரில் வைக்கிறது. நீங்கள் விண்டோஸில் ஃபைலை மட்டும் இடம் மாற்றினால் இரண்டும் பிரிந்துவிடும்.

ஸ்டேக் திறந்தது. எல்லா அட்டையும் இருந்தன, குரலும் கேட்டது. அறிமுக அட்டைகள் மட்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி மறைந்தன. அந்தக் காலத்தில் கொஞ்சம் தாமதம் வேண்டுமென்றால் வெற்றுச் சுழற்சி ஒன்றை ஓடவிடுவது சகஜம். மேக்கின் கட்டளைகளை ஓடும்போதே பிசியின் கட்டளைகளாக மாற்றி வேகப்படுத்தும் ஜேஐடி வசதியைப் போட்ட பாசிலிஸ்கில் அந்தச் சுழற்சி தொடங்கும்போதே முடிந்துவிடுகிறது. டிக்குகளை, அதாவது கடிகாரத் துடிப்புகளைக் கணக்கிட்டுக் காத்திருக்கச் சொன்ன இடங்களில் பிரச்சினை இல்லை, அது கடிகாரத்தைப் பார்த்து நடப்பது, விநாடிக்கு 60. ஜேஐடியை அணைத்தால் அறிமுகம் ஓரளவு பார்க்கக் கிடைத்தது.

குறிப்புகளை வெளியே எடுக்க, அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்து டெக்ஸ்ட் ஃபைலில் எழுதும் ஒரு ஹைப்பர்டாக் நிரல் போதுமானதாக இருந்தது. இறக்குமதி செய்யும்போது எழுத்துக்குறி முறை, பழைய மேக் பயன்படுத்திய மேக் ரோமன் என்று சொல்ல வேண்டும், மறந்தால் மேற்கோள் குறியெல்லாம் குப்பையாக வரும். தேதிகள் மட்டும் நீளமான எண்களாக வந்தன. பழைய மேக் நேரத்தை 1904 ஜனவரி 1-லிருந்து விநாடிகளாக எண்ணும். அதற்கு ஏதாவது நிரல் எழுத வேண்டுமோ என்று பார்த்தால், லிப்ரே ஆஃபிஸ் கால்க்கிலேயே தேதியின் தொடக்கத்தை 1904 என்று வைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டு, எண்ணை 86,400-ஆல் வகுத்தால் தேதி நேராக வந்துவிடுகிறது. நேர மண்டலத் தலைவலியும் இல்லை, அந்த மேக் உள்ளூர் நேரத்தையே சேமித்தது.

மிச்சம் குரல் பதிவுகள். அவை ரிசோர்ஸ் ஃபோர்க்கில் 8 பிட் ஒலியாக, விநாடிக்கு 22,254 மாதிரிகள் என்ற விசித்திர வேகத்தில் இருக்கின்றன. மாற்றும்போது இதை 22,050 என்று குறித்தால் குரல் கிட்டத்தட்ட 1 சதவீதம் மெதுவாகி, சுருதியும் இறங்கும். அதனால் வேவ் ஃபைலில் பழைய எண்ணையே போட்டு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.