மிளகுக்கும் பூண்டுக்கும் வீட்டில் என்னென்ன வேண்டியிருந்தது

கூட வேலை செய்த நண்பர் ஒருவர் வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போகும்போது தன்னுடைய இரண்டு ஃபெரட்டுகளை, கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள வளர்ப்புப் பிராணிகளை, என் தலையில் கட்டிவிட்டுப் போனார். தலையில் கட்டினார் என்பதும் சரியில்லை. அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது இரண்டும் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, பக்கவாட்டில் தத்தித் தத்திக் குதித்து, சுவரில் முட்டி விழுந்து மறுபடியும் குதித்ததைப் பார்த்து, 'நான் வச்சுக்கிறேன்' என்று வாயைக் கொடுத்தது நான்தான். எங்கள் வீடு கோலாலம்பூர் செந்தூலில், ஒன்பதாவது மாடி. அம்மா, மனைவி, நான். கூண்டோடு லிஃப்டை விட்டு இறங்கும்போதே எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) எட்டிப் பார்த்து 'மூசாங்கா?', அதாவது மரநாயா, என்று கேட்டார். அம்மா கதவைத் திறந்ததும் 'என்னாடா இது, கீரிப்புள்ளையத் தூக்கிட்டு வந்திருக்கே' என்றார். பழுப்பும் கறுப்புமாக இருந்ததற்கு மிளகு, வெள்ளை முடியும் சிவந்த கண்ணுமாக இருந்ததற்குப் பூண்டு என்று அன்று மாலையே பெயர் வைத்ததும் அவர்தான்.

(கொண்டோ, பிளாட் வாசிகளுக்கு ஒரு வார்த்தை: பிராணியைக் கொண்டுவருவதற்கு முன் நிர்வாக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் பிராணியை வைத்திருக்கக் கூடாது என்று அடுக்குமாடிகளுக்கான ஸ்ட்ராட்டா விதிகளில் இருக்கிறது. நான் கேட்டுவிட்டுத்தான் கொண்டுவந்தேன்.)

மறுநாளே பிராணிக் கடைக்குப் போய் ஒரு தள்ளுவண்டி நிறைய வாங்கினேன். முந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆனது. அதில் பாதி இன்றைக்கு வீட்டில் இல்லை. கடைக்காரர் ஃபெரட்டும் பூனையும் ஒன்றுதான் என்கிற மாதிரி எடுத்துக் கொடுத்தார், நானும் தலையாட்டினேன். பூனைக்குப் போடுகிற, ஈரம் பட்டால் கட்டியாகும் மணலைக் கழிவுத் தட்டில் கொட்டினேன். பூண்டு முதல் வேலையாக மூக்கை அதற்குள் விட்டு உழுதது, அன்று இரவு முழுக்கத் தும்மல். தட்டைக் கண்டால் மூக்கை விட்டுத் துழாவுவது இவற்றின் சுபாவம். அந்தத் தூள் மூக்கில் ஏறி ஈரத்தில் கட்டிக்கொள்ளும். கூண்டுக்கு அடியில் போட வாங்கிய பைன் மரச்சீவலும் வேண்டாத வேலை, அந்த வாசனை எண்ணெய் நுரையீரலுக்கு ஆகாது. இப்போது காகிதத்தை அழுத்திச் செய்த குருணைதான் போடுகிறேன். ஒரு தட்டு போதும் என்று நினைத்ததும் தப்பு. இவை மூலை பார்த்துப் பின்பக்கமாக நகர்ந்துதான் காரியத்தை முடிக்கும். கூடத்தில் எத்தனை மூலை இருக்கிறதோ அத்தனைக்கும் ஒரு தட்டு வைக்க வேண்டியதாயிற்று. பின்பக்கம் உயர்ந்த தட்டாக இருந்தால் சுவர் தப்பிக்கும்.

கடையில் நாற்பத்தைந்து வெள்ளிக்கு வாங்கிய தொங்கு படுக்கையின் துணியில் நூல் நூலாகக் கண்ணி இருந்தது. மிளகின் நகம் அதில் மாட்டி, இழுத்து, கத்தி, ஒரே ரகளை. அம்மா பார்த்துவிட்டு அப்பாவின் பழைய கைலியை இரண்டாக மடித்துத் தைத்து, கூண்டின் நான்கு பக்கமும் கொக்கி போட்டுத் தூளி கட்டிவிட்டார். நெருக்கமான நெசவு, நகம் மாட்டாது, வாரம் ஒருமுறை துவைக்கலாம். ஒரு நாளில் பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்குகிற ஜீவன்களுக்கு இதைவிட முக்கியமான சாமான் வேறு இல்லை. தூங்கினால் செத்த மாதிரி தூங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் பூண்டைத் தூக்கியபோது கழுத்து துவண்டு தொங்கியது. நான் அலறிய அலறலில் மனைவி குளியலறையிலிருந்து ஓடிவந்தாள். அது மெதுவாகக் கண்ணைத் திறந்து கொட்டாவி விட்டது.

சரி, இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் வெயில். ஃபெரட்டின் முன்னோர் ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டுப் பிராணி என்று சொல்கிறார்கள், முயல் வேட்டைக்காகப் பழக்கிய இனம், உடம்பு குளிர்தேசத்து உடம்பு. நம்மைப் போல வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளத் தெரியாது. 27, 28 டிகிரி தாண்டினாலே சோர்ந்துபோகும், 30க்கு மேல் உயிருக்கே ஆபத்து. கோலாலம்பூரில் மத்தியானம் சாதாரணமாகவே 32, 33. நான் முதலில் ஒரு மேசை விசிறியை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வியர்வையே இல்லாத உடம்புக்கு விசிறி என்ன செய்யும், அனலை அப்படியே முகத்தில் அடிக்கும். நல்ல வேளையாக அன்று அம்மா வீட்டில் இருந்தார். மிளகு வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் பாய் மாதிரி விரிந்து கிடப்பதாக போன் செய்தார். பாதத்தையும் வயிற்றையும் குழாய்த் தண்ணீரால் நனைக்கச் சொன்னேன், ஐஸ் தண்ணீர் கூடவே கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். கிளினிக்கில் ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த வாரமே நடு அறையில் ஒரு குதிரைசக்தி இன்வெர்ட்டர் ஏர்கோன் போட்டு, கூண்டை அங்கே மாற்றி, 24ல் வைத்து, கூண்டின் உயரத்திலேயே ஆறு வெள்ளி வெப்பமானி ஒன்றையும் மாட்டினேன். ஏர்கோன் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், கூண்டு இருக்கும் இடத்தில் எவ்வளவு என்பதுதான் கணக்கு. கரண்ட் பில் மாதம் எழுபது, எண்பது வெள்ளி கூடியது. ஃபெரட் வளர்க்க எவ்வளவு ஆகும் என்று யாராவது கேட்டால் நான் கூண்டு விலையைச் சொல்வதில்லை, இந்தப் பில்லைத்தான் காட்டுகிறேன்.

சாப்பாட்டில் நண்பர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார், தான் போட்டுவந்த தீவனத்தில் ஒரு மூட்டையையும் கூடவே கொடுத்தனுப்பினார். குட்டியாக இருக்கும்போது எதைச் சாப்பிட்டுப் பழகியதோ அதைத்தான் இவை சாப்பாடு என்றே ஒத்துக்கொள்ளும். தீவனத்தை மாற்றுவதென்றால் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வாரக்கணக்கில் மாற்ற வேண்டும். முழுக்க முழுக்க மாமிசப் பிராணி. குடல் குட்டை, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும், அதனால் கிண்ணம் எந்நேரமும் காலியாகக் கூடாது. தீவனப் பையைத் திருப்பிப் பார்த்து, முதல் பொருள் இறைச்சியா, புரதம் 35 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, கொழுப்பு 20 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன். கடையில் 'ட்ரீட்' என்று விற்கும் உலர்பழம், தயிர் மிட்டாய் எல்லாம் வேண்டாம், சர்க்கரை இவற்றுக்கு ஆகவே ஆகாது. பாசாரில் வாங்கும் கோழி இதயத்தைப் பொடியாக நறுக்கிக் கொடுத்தாலே கையை நக்கிக்கொண்டு நிற்கும்.

எந்நேரமும் கிண்ணம் நிறைந்திருந்தால் யார் வருவார்கள்? எறும்பு. நான் என்னென்னவோ தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு பழைய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவே கிண்ணத்தை வைத்து முடித்துவிட்டார், அந்தக் காலத்தில் சாப்பாட்டு அலமாரிக் காலுக்கு வைத்த அதே வித்தை. கிண்ணம் கனமான பீங்கானாக இருக்கட்டும், பிளாஸ்டிக் என்றால் ஒரே நிமிடத்தில் கவிழ்த்துவிட்டுத் தண்ணீரில் கால் நனைத்து விளையாடும்.

அப்புறம் சந்து பொந்து. தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும், அதுதான் இவற்றின் கணக்கு. துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால், சிங்க் அடியில் குழாய் போகும் ஓட்டை, அலமாரிக்கும் தரைக்கும் நடுவே என்று எல்லாவற்றையும் பலகையும் கம்பிவலையும் கேபிள் டையும் வைத்து அடைக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. சோபாவை மறந்துவிட்டேன். மிளகு அடித்துணியைக் கிழித்து உள்ளே போய்ப் படுத்திருந்தது தெரியாமல் அம்மா உட்காரப் போனார். அன்றே சோபாவின் அடிப்பக்கம் முழுக்கப் பலகை அடித்தேன்.

இத்தனை செய்தும் கோட்டைவிட்டது ஒரு ஜப்பான் சிலிப்பரில், அதாவது ரப்பர் செருப்பில். ஃபெரட் என்ற பெயரே லத்தீனில் குட்டித் திருடன் என்ற சொல்லிலிருந்து வந்ததாம், அகப்பட்டதையெல்லாம் இழுத்துக்கொண்டுபோய்ப் பதுக்கும். அது பரவாயில்லை, கட்டிலுக்கு அடியில் மனைவியின் சாவிக்கொத்து கிடைக்கும், சிரித்துவிட்டுப் போகலாம். ரப்பர், பஞ்சு, ஃபோம் என்றால் பதுக்குவதில்லை, கடித்து விழுங்கிவிடும். ஒரு நாள் பூண்டு சாப்பாட்டுப் பக்கமே போகவில்லை, வாயைக் காலால் பிராண்டிக்கொண்டது, கழிவுத் தட்டும் சுத்தமாக இருந்தது. வெயிலாக இருக்கும் என்று அரை நாள் வீணடித்தேன். இப்போதென்றால் அரை மணி நேரம்கூடக் காத்திருக்க மாட்டேன். டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, குடல் அடைத்திருக்கிறது என்று அன்று மாலையே அறுவை செய்தார். கட்டைவிரல் நகம் அளவு நீலத் துண்டு. ஈராயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் கம்மி. வீட்டில் இப்போது சிலிப்பர், ரிமோட், காதில் மாட்டும் இயர்போன் எல்லாமே மூடி போட்ட பெட்டிக்குள். விளையாட ஹார்ட்வேர் கடையில் நான்கு அங்குல பிவிசி குழாயை வெட்டி வாங்கிப் போட்டேன், பதினெட்டு வெள்ளி. பிராணிக் கடையில் வாங்கிய ரப்பர் பொம்மையெல்லாம் குப்பைக்குப் போனது.

மருத்துவச் செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபெரட்டைப் பார்க்கத் தெரிந்த டாக்டரை முன்கூட்டியே கண்டுபிடித்து வையுங்கள், பூனை நாய் மட்டும் பார்க்கும் இடங்கள்தான் அதிகம். நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் இவற்றுக்கு வந்தால் பிழைப்பது அபூர்வம், தடுப்பூசி கட்டாயம். ஊசி போட்டபின் ஒவ்வாமை வருகிறதா என்று அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கொசுவால் இதயப்புழு வரும், அதற்கு மாதாமாதம் மருந்து. பெண் ஃபெரட் என்றால் கருத்தடை செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள், செய்யாமல் விட்டால் சினைப்பருவம் நீண்டு ரத்தசோகையில் சாகக்கூடும். நமக்குச் சளிக்காய்ச்சல் என்றால் அவற்றுக்கும் ஒட்டும். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் முழுக்க முகமூடி போட்டுக்கொண்டுதான் தட்டு மாற்றினேன்.

நாற்றம் இல்லையா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இருக்கிறது. குளிப்பாட்டினால் போகும் என்று வாரம் இரண்டு தடவை குளிப்பாட்டிப் பார்த்தேன், தோல் காய்ந்து எண்ணெய் இன்னும் அதிகமாகச் சுரந்து நாற்றம் கூடியதுதான் மிச்சம். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு குளியல், தூளித் துணியை மட்டும் வாராவாரம் மாற்றுகிறோம். வெள்ளிக்கிழமை அம்மா சாம்பிராணி போடும்போது நடு அறைக் கதவைச் சாத்திவிடுவார். கீழே டெங்கிக்குப் புகை அடிக்க வந்தாலும் அப்படித்தான்.

கடைசியாகச் சேர்ந்த சாமான் ஆறு தண்ணீர் போத்தல்கள், ஃப்ரீசரில் எப்போதும் உறைந்த நிலையில். மின்சாரம் போனால் ஏர்கோனும் போய்விடுமே. 'மீன் வைக்க இடமில்ல, உன் கீரிக்குப் பச்சத்தண்ணிய வச்சிருக்கே' என்று அம்மா ரொம்ப நாள் முணுமுணுத்தார். போன மாதம் காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை மின்தடை என்று லிஃப்டில் அறிவிப்பு ஒட்டினார்கள், எனக்கு விடுப்பும் கிடைக்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் குளியலறை வாசலில் அம்மா பாய் போட்டுப் படுத்திருக்கிறார். உள்ளே தரை ஓட்டில், தலையணை உறையில் சுற்றிய போத்தல்களை ஆளுக்கொன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டும் தூங்குகின்றன. ஃப்ரீசரை ஓயாமல் திறந்ததில் மற்றதெல்லாம் இளகிப்போயிருந்தது. அன்று இரவு எங்களுக்கு இரண்டு கிலோ சோத்தோங் (கணவாய்) சம்பல். எதிர்வீட்டு மக்சிக்குக்கும் ஒரு தப்பாவ், பொட்டலம் கட்டிக் கொடுத்தோம்.