ரேக்கின் பெயிண்டுக்கு அடியில்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் கேபிள் இணைய இணைப்பு நடத்துவோர் முதல் அரிசி ஆலை அலுவலகத்தார் வரை, நெட்வொர்க் கருவிகளை அடுக்கி வைக்கும் இரும்பு அலமாரியான ரேக் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தை மட்டுமே விசாரிக்கிறார்கள். ரேக்கின் உயரத்தைச் சொல்லும் அலகான ஒரு யூ என்பது 44.45 மி.மீ. என்பதும், கருவிகளின் முகப்பு அகலம் 19 அங்குலம் என்பதும் எங்கும் பொதுவான அளவுகள் என்பதால் அவற்றில் ஏமாற வழியில்லை. கோளாறு வருவது ஆழத்தில்தான். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்குப் போதுமான சுவர் ரேக்கில் சர்வர் நுழையாது. அதற்கு 1000 மி.மீ. ஆழமுள்ள தரை ரேக் தேவைப்படும். பழைய ஓட்டு வீட்டின் சுண்ணாம்புச் சுவர்களில், பேட்டரியோடு கூடிய யு.பி.எஸ்.ஸையும் சேர்த்துச் சுமக்கும் சுவர் ரேக்கை மாட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. தரை ரேக் என்றால், ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசல் வரை தண்ணீர் வரும் ஊர்களில் அதற்கு ஒரு சிமெண்ட் மேடை கட்டிவிட வேண்டும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சங்கதிகள். எர்த் அப்படியல்ல. ரேக்கின் பின்புறத்தில் பச்சை மஞ்சள் கம்பி ஒன்று தொங்குவதைப் பார்த்ததும் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் ரேக்கின் மேல் பூசப்படும் பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. பெயிண்டின் மேலேயே லக்கை, அதாவது கம்பி முனையிலுள்ள உலோக வளையத்தை, வைத்துத் திருகினால், அந்தத் தொடர்பு திருகின் மரையை நம்பித்தான் நிற்கும். லக் உட்காரும் இடத்தில் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை உலோகம் தெரிந்த பிறகு, பல் வாஷர் போட்டு இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே சிறிது கிரீஸ் தடவ வேண்டும். கதவும் பக்கவாட்டுத் தகடுகளும் கீலிலும் கொக்கியிலும் மட்டுமே தொங்குவதால், அவற்றுக்குத் தனித்தனியே பின்னல் கம்பி போட வேண்டும். இணைப்பு முடிந்ததும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கதவின் வெற்று உலோகத்திலும் மறு முனையைச் சுவரிலுள்ள எர்த் பட்டையிலும் வைத்துப் பார்த்தால், மீட்டரின் கம்பிகளுக்குரிய மின்தடையைக் கழித்த பிறகு ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

இங்கே நான் அடிக்கடி வாதிட நேரும் ஒரு பழக்கம் உண்டு. கம்ப்யூட்டருக்குச் சுத்தமான எர்த் வேண்டும் என்று சொல்லி, கொல்லைப்புறத்தில் தனிக்குழி தோண்டி, அதைக் கட்டடத்தின் எர்த்தோடு சேர்க்காமல் ரேக்குக்கு மட்டும் இழுத்துவிடுகிறார்கள். பக்கத்தில் இடி விழும் நேரத்தில் இரண்டு குழிகளுக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு ஏற்படும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய அது தேடும் வழி, அந்த ரேக்கில் இருக்கும் ஸ்விட்சும் யு.பி.எஸ்.ஸும்தான். குழிகள் எத்தனை இருந்தாலும் அவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்க வேண்டும். எர்த் கிடைக்கவில்லை என்று சாக்கெட்டின் மூன்றாம் துளையை நியூட்ரலோடு பாலம் போடுவது அதைவிடக் கொடியது: நியூட்ரல் எங்காவது அறுந்தால் ரேக் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும்.

டெல்டாவின் களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த்துக்கு மிகவும் ஏற்றது. கோடையில் வயல் வெடித்துக் கிடக்கும்போது அதே குழியின் மின்தடை ஏறிவிடும். ஆகவே, மார்கழியில் எடுத்த அளவை நம்பாமல், மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பு, சித்திரையிலோ வைகாசியிலோ எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுகிறேன். வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில் நிலைமை நேர்மாறு. அங்கே மின்தடை குறைவாகவே காட்டும், ஆனால் துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ. குழாயைத் துரு விரைவில் தின்றுவிடும் என்பதால், தாமிரம் பூசிய கம்பியைப் புதைப்பதும், மூட்டுகளை ஆண்டுதோறும் திறந்து பார்ப்பதும் அவசியம்.

கடைசியாக, கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் கேபிள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது சரிதான். ஆனால் அதைத் தாங்கி வரும் எஃகுக் கம்பி கடத்தும், அதுவும் மின்வாரியக் கம்பிகளுக்கு அருகிலேயே ஊர்ந்து வருகிறது. அந்த எஃகைக் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே நறுக்கி எர்த் பட்டையில் சேர்த்துவிட்டு, இழையை மட்டும் ரேக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.