நிலம் இல்லாதவன் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போன கதை

எனக்கென்று ஒரு மா நிலம்கூடக் கிடையாது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடைமடையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர் வடிகாலில் இறால் குட்டைத் தண்ணீர் விடுவதை எதிர்த்து, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் போட்ட வழக்கில் முதல் மனுதாரர் நான்தான். "உனக்கு இதுல என்னப்பா நட்டம்?" என்று ஊரில் கேட்டார்கள். மனு கொடுக்கப் போன இடத்தில் கேட்டார்கள். கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீலும் அதையேதான் கேட்டார். இதே கேள்விக்குப் பயந்து பேசாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

குட்டைக்காரர்கள் உப்பனாற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு ஏற்றுகிறார்கள். வனாமி இறாலைப் பிடிக்கும்போது குட்டையை வடித்துவிடுவார்கள். தீவன மிச்சமும் கழிவும் கலந்த அந்த உப்புத் தண்ணீர் நேராக வடிகாலுக்குத்தான் வரும். சம்பா வயல்களின் மழைத்தண்ணீர் வடிய வேண்டிய வாய்க்கால் அது. கரையோர வயல்களில் பயிர் நுனி கருகியது, ஆடு மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைப்பதை நிறுத்தியது.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். ரசீது கிடைத்தது, வேறொன்றும் கிடைக்கவில்லை. அப்புறம்தான் தகவல் உரிமைச் சட்டத்தில் இறங்கினோம். 2005-ஆம் ஆண்டு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டப்படி இறால் பண்ணைகள் அந்த ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எந்தெந்த சர்வே எண்ணுக்குப் பதிவு இருக்கிறது என்று கேட்டோம். "எங்கள் ஊர்ப் பண்ணைகள்" என்று பொதுவாகக் கேட்டால் சுற்றிவளைத்துத்தான் பதில் வரும். சர்வே எண்ணைப் போட்டுக் கேளுங்கள். சில குட்டைகளுக்குப் பதிவே இல்லை என்று தெரிந்தது. குட்டைகள் இருந்த ஒரு பகுதி, வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்றே இருந்தது. வழக்குக்கு முதுகெலும்பு இந்த இரண்டு காகிதமும்தான்.

வக்கீலிடம் போனபோது என் முதல் சந்தேகமே நான் மனுதாரராக இருக்கலாமா என்பதுதான். 2010-ஆம் ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 18-ஆம் பிரிவைக் காட்டினார். பாதிக்கப்பட்ட எவரும் வரலாம், அமைப்புகளும் வரலாம். பட்டா கேட்கவில்லை. கோவாவில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி போட்ட வழக்கில், இந்தியக் குடிமகள் இல்லை என்ற ஆட்சேபணையையே 2014-இல் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. "நீங்க அந்த ஊர்லயே இருக்கீங்க, அப்புறம் என்ன?" என்றார். இன்னும் பழைய கதையும் இருக்கிறது. நம் டெல்டா இறால் பண்ணைகளுக்கு எதிராக 1994-இல் உச்ச நீதிமன்றம் போன காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன், தன் வயல் கெட்டதென்றா போனார்? விவசாய நிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொது நிலம் எதையும் இறால் குட்டையாக மாற்றக்கூடாது என்று 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அது வந்த மண்ணில் இருந்துகொண்டு "உனக்கு என்ன நட்டம்" என்று கேட்பது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

நட்டம் யாருக்கு என்று யோசித்தால் முதலில் அந்த வாய்க்காலுக்குத்தான். "வாய்க்காலையே மனுதாரரா போடலாமா சார்?" என்று கேட்டேன். வக்கீல் சிரித்தார், ஆனால் தட்டிக்கழிக்கவில்லை. கங்கையும் யமுனையும் சட்டப்படி ஆட்கள் என்று 2017-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் சொன்னதையும், சில மாதத்திலேயே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததையும் சொன்னார். இயற்கை உரிமையுள்ள உயிர் என்று 2022-இல் நம் மதுரைக் கிளையும் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி வழக்குப் போட வேண்டாம் என்றார். திருவாரூரில் பசு தானே வந்து மணி அடித்தது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இன்றைக்கு அந்தப் பசு வந்தாலும் யாராவது ஓர் ஆள் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

இரண்டாவது மனுதாரர் எங்கள் தெரு அக்கா ஒருவர், விவசாயக் கூலி. நடவு இல்லாத நாட்களில் அந்த வடிகாலில் கெண்டையும் நண்டும் பிடிப்பார். வீட்டுக் குழம்புக்குப் போக மிச்சம் விற்பார். அவருக்குப் பட்டா இல்லை, குத்தகைச் சீட்டு இல்லை, மீன் விற்ற ரசீதா இருக்கும்? என்னைக் கேட்டால், எங்கள் மனுதாரர்களில் உண்மையில் அதிகம் இழந்தவர் அவர்தான், கையில் காகிதம் இல்லாதவரும் அவர்தான். மனு ஆங்கிலத்தில் இருந்ததால் நோட்டரி முன்னால் தமிழில் வாசித்துக் காட்டினோம். பாதியில் நிறுத்தி, "என் பங்கு எங்க எழுதியிருக்கு, தம்பி?" என்றார். இரண்டே வரி இருந்தது. எந்த மாதம் எந்த மீன் வரும், எதுவரை தண்ணீர் நல்லதாக இருந்தது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, தனிப் பிரமாணப் பத்திரமாகவே போட்டோம். பின்னால் எதிர்த்தரப்பு எங்கள் தகுதியைக் கிளறியபோது வக்கீல் எடுத்துப் படித்தது அதைத்தான்.

உண்மையில் குறுகலான வாசல் காலக்கெடுதான். 14-ஆம் பிரிவில் போனால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். எங்களுக்கு அது குறைதீர் மனுவுக்குக் காத்திருந்ததிலேயே கரைந்துவிட்டது. சூழலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கேட்கும் 15-ஆம் பிரிவில் ஐந்து வருடம் இருக்கிறது, அதைப் பிடித்துத்தான் உள்ளே போனோம். இழப்பீட்டுத் தொகை கேட்டால் அதில் ஒரு சதவீதம் கட்டணம். கேட்காவிட்டால் 1,000 ரூபாய். பணம் கேட்க வேண்டும் என்று வயல்காரர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். வாய்க்கால் முதலில் என்று முடிவானது.

அடுத்த சிக்கல் ஆதாரம். கடலோர மண் இயல்பாகவே உப்புதானே என்பார்கள், அது முழுப் பொய்யும் இல்லை. மண்ணின் இ.சி. (உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) 4 dS/m-ஐத் தாண்டினாலே உவர் மண் என்பது கணக்கு; வெறும் அளவைக் காட்டி ஜெயிக்க முடியாது. அதனால் குட்டைக் குழாய் விழும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் ஒரே நாளில் மாதிரி எடுத்தோம். வித்தியாசம் அங்கே தெரிந்தது. எதிர்த்தரப்புக்குத் தீர்ப்பாயம் நோட்டீஸ் அனுப்ப அது போதும். பிறகு தீர்ப்பாயம் அமைத்த கூட்டுக்குழு தன் மாதிரியைத் தானே எடுத்துக்கொண்டது.

தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இருக்கும் சென்னை சேப்பாக்கம் கலச மஹாலுக்கு நேரில் போனது குறைவு, மிச்சம் காணொலியில் என் கடைக் கம்ப்யூட்டரிலேயே நடந்தது. பதிவு இல்லாத குட்டைகளை ஓட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. சரி, ஏற்கெனவே படிந்த சேற்றை வாருவது யார் செலவில்? மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவே சொல்கிறது. குட்டைக்காரர்களோ ஆளுக்கு எவ்வளவு என்று தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வாய்தாவில் குழு அதற்கான கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும்.