புரை எடுத்த கண் மறுபடி மங்கினால்: யாக் லேசருக்கு முன்னும் பின்னும்

புரை அறுவை முடிந்து நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த கண், சில மாதங்களிலோ இரண்டு மூன்று வருடங்களிலோ மெல்லக் கலங்கத் தொடங்கும். எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறிக் கூசும். உடனே "புரை திரும்ப வந்துவிட்டது" என்பார்கள். வராது, புரை விழுந்த லென்ஸைத்தான் எடுத்தாயிற்றே. புது லென்ஸைத் தாங்குவதற்காகப் பழைய லென்ஸின் மெல்லிய உறையை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள். அதன் ஓரத்தில் மிச்சமிருக்கும் செல்கள் பெருகிப் பின்பக்கச் சவ்வில் படர்வதால் வரும் மங்கல் இது. வயது குறைந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம்.

இதற்கு யாக் லேசர் உண்டு, மங்கிய அந்தச் சவ்வின் நடுவே லேசர் ஒளியால் திறப்பு போடும் சிகிச்சை அது. ஆனால் எல்லா மங்கலுக்கும் அது மருந்தல்ல. ஊசித்துளை அட்டை வழியே பார்க்கும்போது எழுத்து நன்கு தெளிந்தால், பெரும்பாலும் கண்ணாடிப் பவரில்தான் கோளாறு. அறுவைக்குப் பின் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் நேர்க்கோடுகள் நெளிந்து தெரிந்தால் விழித்திரையின் மையத்தில் நீர் கோத்திருக்கலாம். விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்தால் தெரியும், பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே வடியும். பார்வையின் வெளி ஓரத்தில் பிறை போல ஒரு கருநிழல் தெரிகிறதா? லென்ஸ் விளிம்பை ஒட்டிய ஒளிக் கோளாறு அது. பலருக்குத் தானாகவே மறையும். அதற்காக அவசரப்பட்டு லேசர் வைக்கக் கூடாது. சவ்வைத் திறந்துவிட்டால், பிறகு லென்ஸையே மாற்ற வேண்டி வரும்போது வேலை சிக்கலாகிவிடும். என்னைக் கேட்டால், லேசருக்குச் சம்மதிக்கும் முன் விழித்திரையைப் பார்த்தாயிற்றா என்று கேட்பதுதான் முக்கியம்.

லேசர் அன்று ஊசி கிடையாது, படுக்கையும் கிடையாது. கண் பாப்பா விரிய ஒரு சொட்டு, கண் அழுத்தம் ஏறாமலிருக்க ஒரு சொட்டு, மரத்துப்போக ஒரு சொட்டு. தாடையை மேடையில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொள்ள வேண்டும். கண்ணின் மேல் ஜெல் தடவிய லென்ஸ் ஒன்றை வைப்பதும் உண்டு. இமைக்க முடியாததால் அது சற்றே உறுத்தும். ஒவ்வொரு சுடுதலுக்கும் 'டிக்' என்று சத்தம் கேட்கும். வலிக்காது. ஆனால் சத்தத்துக்குத் திடுக்கிட்டு நெற்றியைப் பின்னுக்கு இழுத்தால் குறி தவறிப் புது லென்ஸில் சின்னக் குழி விழும். ஓரிரு குழி பார்வையைக் கெடுப்பதில்லை. சவ்வின் நடுவே ஏறக்குறைய 3 முதல் 4 மில்லிமீட்டர் திறப்பு போதும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். கண் அழுத்தம் ஏறுவது முதல் சில மணி நேரத்தில்தான். குளுக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்கள் அழுத்தத்தை அளந்து பார்த்த பிறகே வீட்டுக்குப் போக வேண்டும். வழக்கமான குளுக்கோமா சொட்டை அன்றும் நிறுத்தக் கூடாது. பாப்பா விரிந்திருக்கும் வரை வண்டி ஓட்ட வேண்டாம். அடுத்த நாளே தெளிவு தெரியும் என்றாலும், சவ்வுத் துணுக்குகள் சில வாரம் பூச்சி பறப்பது போல மிதக்கும். பூச்சிகள் திடீரென்று கொத்தாகக் கூடினாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ விழித்திரை கிழிந்திருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல், மாதங்கள் கழித்தும் வரலாம்.