லண்டனில் ஃப்ளாட் வாங்கினோம்: எந்த சர்வே எடுத்தோம், ஏன்

இங்கிலாந்தில் வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி தன் பங்குக்கு ஒரு மதிப்பீடு செய்யும். வாங்குகிறவர் தன் செலவில் ஆள் வைத்துக் கட்டடத்தின் நிலையைப் பார்ப்பதுதான் சர்வே. நிறையப் பேர் வங்கியின் மதிப்பீட்டையே சர்வே என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். நாம் கடனைக் கட்டாவிட்டால் ஃப்ளாட்டை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதுதான் வங்கியின் கவலை. எங்கள் விஷயத்தில் யாரும் நேரில்கூடப் போகவில்லை, கம்ப்யூட்டரிலேயே முடித்துவிட்டார்கள். "வங்கியே சரி சொல்லியாச்சு, இனி எதற்கு சர்வே?" என்றார் எஸ்டேட் ஏஜென்ட். அவருக்குக் கமிஷன் கொடுப்பவர் விற்கிறவர்.

நாங்கள் பிடித்துப்போய் விலை பேசியது ஈஸ்ட் ஹாமில், 1900 வாக்கில் கட்டிய வரிசை வீடு ஒன்றின் கீழ்த்தளம். ஒரே வீட்டை மேலும் கீழுமாக இரண்டு ஃப்ளாட்டாகப் பிரித்திருந்தார்கள். உள்ளே புதுப் பெயின்ட், புதுச் சமையலறை, பளபளவென்று இருந்தது.

சர்வேயர்களுக்கான அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ். மூன்று நிலைகள் வைத்திருக்கிறது. லெவல் 1 பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிலைமையைக் குறித்துக் கொடுப்பதோடு சரி. லெவல் 2 குறையைச் சொல்லி என்ன செய்யலாம் என்றும் சொல்லும். பழுதுக்குக் காரணம் என்ன, எப்படிச் சரிசெய்வது, விட்டால் என்ன ஆகும் என்று விரிவாகப் போவது லெவல் 3. "ஃப்ளாட்தானே, லெவல் 2 போதும்" என்றுதான் நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஃப்ளாட்டாகவே கட்டிய, நல்ல நிலையில் உள்ள கட்டடத்துக்கு அது சரிதான். பழைய வீட்டைப் பிரித்தது என்றால் கதை வேறு. எந்தச் சுவரை யார் எப்போது இடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

சில சர்வேயர்களுக்குப் போன் செய்து, இந்த மாதிரி வீட்டில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டோம். சிலர் விலையை மட்டும் சொன்னார்கள். ஒருவர், "மேல் ஃப்ளாட்டில் புகைபோக்கிச் சுவர் இருக்கிறதா? கீழே எடுத்துவிட்டார்களா?" என்று திருப்பிக் கேட்டார். அவரிடமே லெவல் 3 கொடுத்தோம். லெவல் 2-ஐவிடச் சில நூறு பவுண்ட் கூடுதல்.

அவர் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. சமையலறையைப் பெரிதாக்க, கீழே இருந்த புகைபோக்கிச் சுவரை எடுத்திருந்தார்கள். மேல் தளத்தில் அது அப்படியே நிற்கிறது. அந்தச் செங்கல் பாரத்தை எது தாங்குகிறது என்று தெரியவில்லை. உத்தரத்தைப் புது சீலிங் மூடியிருந்தது. அறிக்கையில் அதற்குச் சிவப்பு. சர்வேயர் எதையும் உடைத்தோ கம்பளத்தைப் பிரித்தோ பார்ப்பதில்லை. அதனால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துத் திறந்து பார்க்கச் சொன்னார். மின்சாரத்தையும் அவர்கள் சோதிப்பதில்லை, அதற்குத் தனி ஆள் வேண்டும்.

அந்த வேலைக்கான கட்டட விதிச் சான்றிதழ் கேட்டு எங்கள் சொலிசிட்டர் (வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் வக்கீல்) விற்பவர் தரப்புக்கு எழுதினார். இல்லை என்று பதில் வந்தது. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டரின் எழுத்துமூல அனுமதியும் இல்லை. பதிலாக ஒரு இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுத்துத் தருகிறோம் என்றார்கள். அனுமதி இல்லாமல் செய்ததற்கு கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் அது உதவும்; செங்கல் இறங்கினால் உதவாது. ஒரு விஷயம்: இந்தப் பாலிசி எடுக்கும் எண்ணம் இருந்தால் முந்திக்கொண்டு கவுன்சிலுக்குப் போன் செய்யாதீர்கள், பிறகு பாலிசி கிடைப்பது கடினம். விற்றவர் முனகிக்கொண்டேதான் சீலிங்கைத் திறக்க ஒத்துக்கொண்டார். உள்ளே மரச் சட்டம் கொடுத்து ஒப்பேற்றியிருந்தார்கள். இரும்பு உத்தரம் போடும் செலவை விலையில் கழித்துக்கொண்டோம். கான்ட்ராக்ட் பரிமாறும்வரை இரு தரப்புக்கும் கட்டுப்பாடு கிடையாது என்பதால் அதுவரை பேசலாம்.

இன்னொன்றும் அறிக்கையில் இருந்தது. பழைய ஸ்லேட்டை எடுத்துவிட்டுக் கனமான கான்கிரீட் ஓடு போட்டதில் கூரை லேசாகத் தொய்ந்திருக்கிறதாம். கூரை மேல்வீட்டுக்காரர் பாடு என்று நினைத்தோம். ஃப்ளாட்டின் நீண்டகாலக் குத்தகைப் பத்திரமான லீஸைப் புரட்டினால் கூரைச் செலவில் கீழ்த்தளத்துக்கும் பாதிப் பங்கு என்று இருக்கிறது! சர்வேயர் பழுதைச் சொல்வார், பணம் யார் தருவது என்று சொல்ல வேண்டியது லீஸ். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்காவிட்டால் ஃப்ளாட்டுக்கு சர்வே எடுத்துப் பாதிப் பயன்தான். ஊரிலிருந்து அப்பா, "வில்லங்கம் போட்டுப் பார்த்தியா?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலை இங்கே சொலிசிட்டருடையது.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இப்போது உயரமான அடுக்குமாடியில் ஃப்ளாட் பார்க்கிறார். லெவல் 3 எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அங்கே சர்வேயருக்குக் கூரையும் வெளிச்சுவரின் உள்ளும் எப்படியும் எட்டாது. லெவல் 2 எடுத்துவிட்டு, சொலிசிட்டரிடம் மூன்று வருட சர்வீஸ் சார்ஜ் (பொதுப் பராமரிப்புக் கட்டணம்) கணக்கையும், பெரிய பராமரிப்பு வேலைக்கான செக்‌ஷன் 20 நோட்டீஸ் வந்திருக்கிறதா என்பதையும் கேட்கச் சொன்னேன். லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்துக்குப் பின், 2019 கடைசியில் வந்த, வெளிச்சுவரின் தீப் பாதுகாப்பைச் சொல்லும் இ.டபிள்யூ.எஸ்.1 படிவம் அந்தக் கட்டடத்துக்கு இருக்கிறதா என்றும் அவர் வங்கி கேட்டிருக்கிறது. பதில் வரட்டும் என்று சர்வேக்குக்கூட இன்னும் பணம் கட்டாமல் காத்திருக்கிறார்.