90 புள்ளிகளும் ஏற்காட்டு மலைப்பாதையும்

சேலத்தில் இரும்பாலைக்குப் போகும் சாலையில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகர் குடும்பம் ஒன்று வசிக்கிறது என்று நான் சொன்னால், கேட்பவர்கள் முதலில் வியப்பார்கள். காரணத்தைக் கேட்டதும் அது இயல்புதானே என்பார்கள். துருப்பிடிக்காத எஃகை 1913இல் ஹாரி பிரியர்லி உருவாக்கிய ஊர் ஷெஃபீல்ட். 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய சேலம் இரும்பாலையில் உருவாவதும் அதே எவர்சில்வர் தகடுதான். என் கல்லூரி நண்பனின் தந்தை அந்த ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நண்பனின் அண்ணன் உலோகவியல் மேற்படிப்புக்காக ஷெஃபீல்டுக்குப் போய், அங்கே பிரமால் லேன் மைதானத்தில் சனிக்கிழமைகளைக் கழித்து, அந்த அணியின் மீது தீராத பற்றோடு ஊர் திரும்பினார். இன்று அவருடைய மகன், ஒன்பதாம் வகுப்பு மாணவன், அந்தச் சிவப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட சட்டையைப் பண்டிகைச் சட்டையைவிட விருப்பமாக அணிகிறான்.

2025 மே 24, சனிக்கிழமை, லண்டன் வெம்ப்ளி அரங்கில் பிரீமியர் லீகுக்கு ஏறும் கடைசி இடத்தைத் தீர்மானிக்கும் ப்ளே-ஆஃப் இறுதிப் போட்டி சண்டர்லேண்ட் அணியோடு என்று முடிவானதும், அதை அவர்களோடு சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று சென்னையிலிருந்து புறப்பட்டேன். மறுநாள் எல்லோருமாக ஏற்காடு போவதென்றும் அப்போதே பேசியிருந்தோம். வென்றால் கொண்டாடவும் தோற்றால் மனத்தை மாற்றிக்கொள்ளவும் மலை உதவும் என்று நண்பன் சொல்லியிருந்தான்.

அந்த வீட்டின் எதிர்பார்ப்பைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய பருவத்தைச் சொல்லியாக வேண்டும். 2023-24இல் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகின் 38 ஆட்டங்களில் 16 புள்ளிகள் மட்டுமே எடுத்து, 104 கோல்களை வாங்கி, கடைசி இடத்தோடு சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய அணி இது. பிற கிளப்புகளுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் காலத்தோடு கொடுக்காத பழைய தவறுக்காக, அடுத்த பருவத்தை 2 புள்ளிகள் குறைக்கப்பட்ட நிலையில்தான் அது தொடங்கியது. பல ஆண்டுகள் இந்த அணிக்காக ஆடி அந்தக் கோடையில்தான் விடைபெற்றிருந்த ஜார்ஜ் பால்டாக், அக்டோபர் மாதம் கிரேக்கத்தில் 31 வயதில் இறந்துபோனார். அவ்வளவையும் தாங்கிக்கொண்டு பயிற்சியாளர் கிறிஸ் வில்டரின் வீரர்கள் 90 புள்ளிகள் எடுத்தார்கள். ஏப்ரலில் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்காமல் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். லீட்ஸும் பர்ன்லியும் தலா 100 புள்ளிகளோடு நேரடியாக மேலே போய்விட, மூன்றாம் இடத்தில் நின்ற ஷெஃபீல்ட் ப்ளே-ஆஃபுக்கு வந்தது. அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் பிரிஸ்டல் சிட்டியை 3-0, 3-0 என்று வென்றதைப் பார்த்தவர்கள் யாரும் இந்த முறை தவறும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆட்டம் நம் நேரப்படி இரவு ஏழரைக்குத் தொடங்கியது. கூடத்தில் பாய் விரித்து, நடுவில் தட்டுத்தட்டாக மல்கோவா நறுக்கி வைத்திருந்தார்கள். 25ஆம் நிமிடத்தில் டைரீஸ் கேம்பல் கோல் அடித்தபோது எழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். சிறிது நேரத்தில் ஹாரிசன் பர்ரோஸ் அடித்த பந்தும் வலைக்குள் சென்றது. ஆனால் ஆஃப்சைடு நிலையில் நின்ற வினிசியஸ் சோசா கோல் கீப்பரின் பார்வையை மறைத்தார் என்று காணொளியைப் பார்த்து முடிவு செய்து, அந்த கோலை நடுவர் விலக்கினார். பருவத்தின் 46 லீக் ஆட்டங்களிலும் இல்லாத காணொளிச் சரிபார்ப்பு, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் இந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் இருந்தது என்பது அண்ணனை நெடுநேரம் வாட்டியது. 76ஆம் நிமிடத்தில் எலியேசர் மயேண்டா சமன் செய்தார். கூடுதல் அரைமணி நேரம் ஆட வேண்டியிருக்கும் என்று நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில், 95ஆம் நிமிடத்தில், டாம் வாட்சன் என்ற 19 வயது இளைஞர், பருவம் முடிந்ததும் பிரைட்டனுக்குப் போவது ஏற்கெனவே உறுதியாகிவிட்டவர், சண்டர்லேண்டின் வெற்றி கோலை அடித்தார்.

அதன்பின் அந்தக் கூடத்தில் நடந்தவற்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஆட்டத்தைவிட அதுதான் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. தொலைக்காட்சியை அணைக்க நண்பன் எழுந்தான். அவனுடைய அப்பா கையைக் காட்டி உட்காரச் சொன்னார். வென்றவர்கள் கோப்பையை வாங்கும் வரை இருந்து பார்த்துவிட்டு எழுவதுதான் மரியாதை என்றார். எனவே எல்லோரும் பார்த்தோம். அண்ணன் சட்டென்று மொட்டை மாடிக்குப் போய் ஷெஃபீல்டிலுள்ள நண்பர்களோடு கைப்பேசியில் பேசத் தொடங்கினார். அரங்கிலிருந்து திரும்பும் ரயிலில் இருந்த அவர்களும் இவரும் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை, ஆனால் யாரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. பையன் சட்டையைக் கழற்றி மடித்து அலமாரியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அவனுடைய பாட்டி இரண்டு தோசையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே காத்திருந்தார்.

ப்ளே-ஆஃப் தோல்வி மற்றத் தோல்விகளைப் போன்றது அன்று. மூன்றாம் இடத்திலிருந்து ஆறாம் இடம் வரை வந்த நான்கு அணிகள் தமக்குள் ஆடி, ஒன்று மட்டும் மேலே போவதுதான் அந்தப் பருவத்து முறை. நான்காம் இடத்தில் முடித்த சண்டர்லேண்ட் பெற்றது 76 புள்ளிகள். ஷெஃபீல்டைவிட 14 குறைவு. ஒன்பது மாத உழைப்பு ஒரு மாலைக்குள் அளக்கப்படுகிறது, அந்த அளவில் வென்றவருக்கு ஒளிபரப்பு வருவாயாகவும் பிறவகையாகவும் 20 கோடி பவுண்டுக்குக் குறையாத பயன் கிடைக்கும் என்று கணக்கிடுகிறார்கள். இந்த முறை இல்லையென்றால் நடுவரிசை அணிகளின் ரசிகர்களுக்கு மார்ச் மாதத்திலேயே பருவம் முடிந்துபோகும் என்பதால், லீகின் நலனுக்கு இது நல்லதுதான் என்று நான் நம்புகிறேன். ஆனால் மூன்றாம் இடத்தில் வந்த அணியின் ரசிகரிடம் அதைச் சொல்ல நமக்கு உரிமையில்லை என்றும் நம்புகிறேன்.

ஞாயிறு அதிகாலை ஒரே காரில் புறப்பட்டோம். போகும் வழியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று நண்பன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். அஞ்சு ரோடு, அஸ்தம்பட்டி, கோரிமேடு எல்லாம் கடந்து அடிவாரம் வரும்வரை யாரும் மீறவில்லை. அந்த மௌனம் ஆட்டத்தைப் பற்றிய பேச்சைவிடக் கனமாக இருந்தது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கத்துக்கு முன்னதாக முந்தைய நாளே தொடங்கியிருந்ததால், மலைமுகட்டில் மேகம் இறங்கியிருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் முதலாவதைக் கடந்தபோது, பையன் தாத்தாவிடம், “2006ல நாம எத்தனை பாயிண்ட் எடுத்து மேல போனோம்?” என்று கேட்டான்.

விடை அவனுக்கே தெரியும். 2006இல் இரண்டாம் இடம் பெற்று மேலேறியபோது எடுத்தது 90. 2019இல் 89. 2023இல் 91. மூன்று முறையும் அந்தப் புள்ளிகள் போதுமானவையாக இருந்தன. இந்த முறை மட்டும் அதே 90 போதவில்லை. அவன் இரவெல்லாம் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நண்பன் விதித்த தடை அந்த வளைவோடு போயிற்று.

அதற்குமேல் மலை ஏறும்வரை அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார். ஷெஃபீல்ட் யுனைடெட் ப்ளே-ஆஃபில் ஆடியது இது பத்தாவது முறை; பத்திலும் தோல்வி. 1997 இறுதிப் போட்டியில் கிரிஸ்டல் பேலஸின் டேவிட் ஹாப்கின் 90ஆம் நிமிடத்தில் அடித்த கோல். 2003இல் கார்டிஃபில் வுல்வ்ஸிடம் 0-3. அன்று கிடைத்த பெனால்டியும் வீணாயிற்று. 2009இல் பர்ன்லியின் வேட் எலியட் அடித்த ஒரே கோல். 2012இல் மூன்றாம் பிரிவின் இறுதியில் ஹடர்ஸ்ஃபீல்டோடு கோலின்றி முடிந்து, பெனால்டி ஷூட்-அவுட்டில் களத்திலிருந்த அத்தனை பேரும் உதைத்துத் தீர்த்து, கடைசியாக கோல் கீப்பர் ஸ்டீவ் சைமன்சன் உதைத்த பந்து வெளியே போய் 7-8 என்று தோற்றது. 2015 அரையிறுதியில் ஸ்விண்டனோடு இரண்டாம் ஆட்டம் 5-5, மொத்தத்தில் 6-7. 2022இல் நாட்டிங்காம் ஃபாரஸ்டிடம் மறுபடியும் பெனால்டி. இழவு வீட்டில், வந்து உட்காரும் ஒவ்வொருவரிடமும் போனவரின் கடைசி நாளை முதலிலிருந்து சொல்வார்களே, அந்த ஒழுங்கில் அவர் சொன்னார். தெரிந்த கதையையும் பையன் இடைமறிக்காமல் கேட்டான். சைமன்சனின் கதை வந்தபோது மட்டும், அவர் அன்று எப்படி வீடு திரும்பியிருப்பார் என்று கேட்டான். நல்ல கேள்வி என்றார் தாத்தா. அன்றைய நாளில் பையன் தன் வருத்தத்தை விட்டு இன்னொருவரின் வருத்தத்தை நினைத்தது அப்போதுதான்.

மனத்தை மாற்றிக்கொள்ள மலைக்குப் போகலாம் என்று பலர் சொல்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் மலை செய்தது வேறு. ஒரு காருக்குள் ஐந்து பேரை நெருக்கமாக உட்காரவைத்து, வேகமாகப் போக விடாமல் செய்து, பேசி முடிக்கும் அளவுக்கு நேரத்தைக் கொடுத்தது. மறக்கச் செய்யும் முயற்சியைவிட இது மேலானது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம். ஏரிப் பக்கம் போகவே முடியவில்லை; மலர்க் கண்காட்சியைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். அந்த மேட்டில் காற்று பலமாக அடித்தது. குனிந்து நுழைய வேண்டிய குகைக் கருவறையில் சேர்வராயனையும் காவேரியம்மனையும் வணங்கிவிட்டு, வெளியே மிளகாய்ப் பொடி தூவிய மாங்காய்க் கீற்றுகள் தின்றோம். பையன் முந்தைய இரவுக்குப் பிறகு வாயில் வைத்த முதல் பண்டம் அதுதான்.

மதியத்துக்குப் பிறகு லேடீஸ் சீட் முனைக்கு வந்தபோது மேகம் விலகிச் சேலம் நகரம் முழுவதும் தெரிந்தது. அதற்கு அப்பால் கஞ்சமலை. அதன் அடியில்தான் தாத்தா பணியாற்றிய ஆலை. அண்ணன் அங்கே நின்றுகொண்டு ஜோசையா மார்ஷல் ஹீத்தைப் பற்றிச் சொன்னார். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான அவர், 1830 வாக்கில் சேலம் வட்டாரத்து இரும்புத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் உருக்காலை தொடங்கினார். பின்னர் ஷெஃபீல்டுக்குப் போய், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அந்த முறையால் ஷெஃபீல்டின் எஃகுத் தொழில் பெரும்பயன் அடைந்தது. அவரோ காப்புரிமை வழக்குகளில் அலைந்தே 1851இல் இறந்தார். நம்முடைய மண்ணுக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு கால்பந்தால் வந்ததன்று என்பதற்காகவே அண்ணன் இதைச் சொன்னார். தாத்தா கேட்டுவிட்டு, தோற்றவர்களின் பட்டியலை இன்றைக்கு இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார்.

அப்போது அண்ணன் லீட்ஸைப் பற்றிப் பேச்செடுத்தார். ஷெஃபீல்ட்காரர்கள் ஆறுதலுக்காகக்கூட லீட்ஸின் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்று அவரே முன்பு சொன்னதுண்டு. 2023-24இல் லீட்ஸ் எடுத்ததும் சரியாக 90 புள்ளிகள். அவர்களும் மூன்றாம் இடம். அவர்களும் வெம்ப்ளி இறுதியில், சவுத்தாம்டனிடம் 0-1 என்று தோற்றார்கள். மறு ஆண்டே 100 புள்ளிகளோடு முதலிடம் பெற்று மேலேறினார்கள். பையன் உடனே எதுவும் சொல்லவில்லை. தொலைநோக்கியில் ஊரைப் பார்க்க வரிசையில் நின்றவன், திரும்பி வந்து தாத்தாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டான்.

இறங்கும்போது கூட்டத்தைத் தவிர்க்கக் குப்பனூர் வழியாக வந்தோம். காபித் தோட்டங்களுக்கு நடுவே, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய நிழலில், பேச்சு முழுவதும் அடுத்த பருவத்துக்கு மாறியிருந்தது. ஒரே ஆண்டு பிரீமியர் லீகில் இருந்து இறங்கிய அணிக்கு அங்கிருந்து வரும் ஈட்டுத்தொகை இரண்டு ஆண்டுகளுக்குத்தான். எனவே இன்னும் ஓர் ஆண்டுதான் அந்தப் பணம் வரும் என்று அண்ணன் கவலைப்பட்டார். பிற கிளப்புகளிலிருந்து கடனுக்கு வந்த வீரர்கள் திரும்பிவிடுவார்கள் என்று நண்பன் நினைவூட்டினான். பையன் ஒரு பழைய ரசீதின் பின்புறத்தில் 28 வெற்றி, 8 டிரா, 10 தோல்வி என்று முடிந்த பருவத்தை எழுதி, அதற்குக் கீழே 29 வெற்றி, 8 டிரா என்று எழுதி, வெற்றிக்கு மூன்று, டிராவுக்கு ஒன்று என்று கூட்டினான். 95 வந்தது. அது போதுமா என்று அப்பாவிடம் கேட்டான். 2024இல் இப்ஸ்விச் இரண்டாம் இடம் பெற 96 எடுத்தது என்றார் அண்ணன். பையன் 29ஐ அடித்துவிட்டு 30 என்று எழுதினான்.